நடக்க ஒரு பாட்டு

தம்பி,

நீ சொல்லியனுப்பியது வந்து சேர்ந்தது. உன் சின்னம்மா எனக்குத் தங்கச்சி என்று பேர்தான், பத்து வருஷமாக அவள் உன்னுடைய தபால்காரி. போன மாதம் ஒருநாள் வந்து குசினிக் கதவில் சாய்ந்து நின்றாள். முதலில் மீன் விலை சொன்னாள், பிறகு மழையைப் பற்றிச் சொன்னாள், அதற்குப் பிறகுதான் வாய் உன் கலியாணத்துக்கு வந்தது. "அக்கா, அவன் பாட்டு வைக்கிறானாம். தன்ர பேண்ட்காரர் எல்லாரும் வருகினமாம். உங்களுக்குக் கேக்க ஏலாதெண்டால் நீங்கள் வரத் தேவையில்லையாம். தான் கோவிக்கமாட்டானாம்." பெற்றவள் கலியாணத்துக்கு வராவிட்டால் கோவிக்காத பிள்ளை. என்ன தாராள மனசு! வந்த ஆத்திரத்தில் இருமல் பிடித்துக்கொண்டது. மூச்சு மருந்துப் பம்பை வாயில் இரண்டு தரம் அடித்து மூச்சு நேராக வர அரை மணித்தியாலம் பிடித்தது. அவள் கையில் தேத்தண்ணியோடு நின்றபடியே நின்றாள்.

பதிலை எழுதித்தான் அனுப்ப வேண்டும். தொலைபேசியில் நான் நாலு சொல் சொல்லுமுன் மூச்சு முட்டும், நீ "சரி அம்மா, வைக்கிறன்" என்பாய். எழுதினால் மூச்சு முட்டாது, நீயும் இடையில் வைத்துவிட ஏலாது. இன்னொன்று, இதை உனக்கு மட்டும் எழுதவில்லை. சின்னம்மா வாசிக்கட்டும், நீ கட்டப்போகிற பிள்ளை வாசிக்கட்டும், அன்புவழிபுரத்தில் இந்தத் தெருவில் யார் கையில் கிடைத்தாலும் வாசிக்கட்டும். ஏன் என்பது போகப் போகத் தெரியும். கடைசிவரை வாசி. உனக்கு நான் பெரிதாக ஒன்றும் தந்ததில்லை, ஆகையால் பெரிதாக ஒன்றும் கேட்கவும் போவதில்லை. ஒரேயொரு காரியம் கேட்பேன். அதுவும் கடைசியில்தான் கேட்பேன்.

என் நோயின் பேர் உனக்குத் தெரியும். மாதம் தவறாமல் மருந்து வருகிறது, மகன்தான் வருவதில்லை. ஆனால் அந்த நோயோடு நான் நாளை எப்படிக் கடத்துகிறேன் என்று நீ ஒருநாளும் கேட்டதில்லை, அதனால் சொல்கிறேன். போன வருஷம் நெஞ்சு டொக்டர் என் எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, எத்தனை வருஷம் சிகரெட் குடித்தீர்கள் என்று கேட்டார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இருபத்தாறு வருஷம் விறகடுப்புக்கு முன்னால் குந்தியிருந்து மா வறுத்து, இடியப்பம் அவித்து, துறைமுகத்தடிச் சாப்பாட்டுக் கடைகளுக்குக் கொடுத்தவள் நான். தேங்காய்ப் பொச்சுமட்டையும் ஈர விறகும் விட்ட புகையில் பாதி கூரைக்குப் போனது, பாதி என் நெஞ்சுக்குப் போனது. கூரைக் கரியை வருஷத்துக்கு ஒருமுறை தட்டினோம். நெஞ்சைத் தட்ட யாரும் இருக்கவில்லை. போன நுரையீரல் போனதுதான், திரும்பி வராது என்று டொக்டர் சொன்னார். மருந்து பாதி, நடை பாதி என்று சொல்லி, இப்படிப்பட்ட நெஞ்சுக்காரருக்கென்று ஆஸ்பத்திரியில் நடக்கிற பயிற்சிக்கு என்னை எழுதிவிட்டார். உனக்கு என் முதல் புத்தி இதுதான்: கட்டிவருகிற பிள்ளையைப் புகையடுப்பில் விடாதே. உன் அப்பா நல்ல மனுஷன், ஆனால் புகை போக ஒரு குழாய் வைக்க அவருக்கும் தோன்றவில்லை. கேட்க எனக்கும் தோன்றவில்லை.

செவ்வாயும் வெள்ளியும் பயிற்சி, உன் சின்னம்மாதான் கூட வருவாள். நீளமான விறாந்தை, நிலத்தில் மஞ்சள் நாடா, இரண்டு முனையிலும் ஒவ்வொரு கதிரை. முதல் நாள் விரலில் ஒட்சிசன் அளவு பார்க்கிற ஒரு கவ்வியைக் கொழுவிவிட்டு ஆறு நிமிடம் நடக்கச் சொன்னார்கள். ஆறு நிமிடம் என்ன பெரிய நேரம், ஒரு தட்டு இடியப்பம் அவிகிற நேரம் என்றுதான் எழும்பினேன். இரண்டாவது நிமிடம் முடியுமுன் கதிரையில் விழுந்துவிட்டேன். உதடு நீலம் பாரித்துவிட்டதாம். பயிற்சி தருகிறது குறிஞ்சாக்கேணிப் பிள்ளை ஒருத்தி. தலையில் முக்காடு, காலில் ஓட்டக்காரர் போடுகிற சப்பாத்து, உன்னைவிட நாலைந்து வயது குறைவாக இருக்கும். மூக்கால் இழுத்து, சுடுகிற தேத்தண்ணியை ஊதுகிற மாதிரி உதட்டைக் குவித்து மெல்ல விடச் சொல்லித் தந்தாள். அறுபத்தொரு வயதில் மூச்சுவிடப் பழகினேன், பார்த்துக்கொள்.

அங்கே பாட்டுப் போட்டுத்தான் நடக்க வைப்பார்கள். ஒவ்வொருவரும் தனக்குப் பிடித்த பாட்டு மூன்று கொண்டுவர வேண்டும், அவள் அதில் நடைக்குப் பொருந்துகிற தாளத்தைத் தெரிந்தெடுப்பாள். மூச்சு வாங்குகிற ஆளுக்கு மூச்சைப் பற்றிய நினைப்பே பெரிய பாரம் என்பது அவள் கதை. பாட்டு ஓடினால் நினைப்பு அந்தப் பக்கம் போய்விடும், கால் தாளத்தைப் பிடித்துக்கொள்ளும், அடுத்த கதிரைவரை போகிற ஆள் அதற்கடுத்த கதிரைவரை போவான். பாட்டு நோயை மாற்றுமா என்று கேட்டேன். மாற்றாது, நடக்கிற நேரத்தைக் கூட்டும், அவ்வளவுதான் என்றாள். பொய் சொல்லாத பிள்ளை. துறைமுகத்தில் முப்பது வருஷம் சுமை தூக்கும் வின்ச் இழுத்த ஐயா ஒருவர் பைலாப் பாட்டுக் கொண்டுவந்து, மூக்கில் ஒட்சிசன் குழாயோடு இடுப்பை ஆட்டி ஆட்டி நடப்பார். பார்க்க எனக்கு எரிச்சலாக இருக்கும். என் முறை வந்தபோது, "எனக்குப் பாட்டு வேண்டாம் பிள்ளை, எங்கட வீடு செத்த வீடு" என்றேன். அவள் பதறிப்போனாள். யார் அம்மா, எப்போது என்று கேட்டாள். மூத்த மகன், பதினாறு வருஷம் என்றேன். அவள் சிரித்திருந்தால் நான் எழும்பி வந்திருப்பேன். சிரிக்கவில்லை. "சரிம்மா" என்றாள். பதினாறு வருஷம் என்று நான் வாய்விட்டுச் சொன்னது அன்றுதான். சொன்ன பிறகு அந்தச் சொல் எனக்கே ஒரு மாதிரி இருந்தது.

வழக்கம் உனக்குத் தெரியும். ஒரு வீட்டில் சாவு விழுந்தால் முப்பத்தொன்றாம் நாள் வரைக்கும் துடக்கு, ரேடியோ போடமாட்டார்கள். ஒரு வருஷத்தில் வரும் ஆட்டைத்திவசம் முடியும்வரை கலியாண வீட்டுக்குப் போகமாட்டார்கள், தீபாவளியும் பொங்கலும் இல்லை. அதற்குப் பிறகு தலைமுழுகி, நாலு பேருக்குச் சோறு போட்டு, வீட்டைத் திரும்பவும் வீடாக்கிவிட வேண்டும். உன் அப்பா போனபோது உனக்கு நாலு வயது, அண்ணாவுக்குப் பத்து. திவசம் முடிந்த அடுத்த நாள் ரேடியோவை என் கையால்தான் போட்டேன், பிள்ளைகள் வளர்கிற வீடு என்று. அண்ணா போனபோது அப்படிச் செய்யவில்லை. திவசத்துக்கு வந்த சனம், "போதும், அந்தச் சின்னவனுக்காவது" என்று சொன்னது. நான் தலையை ஆட்டினேன். ஒரு வருஷம் இரண்டானது, இரண்டு ஐந்தானது. கோயிலில் என்னைக் காட்டி, பெத்த வயிறு என்றால் இதுதான் என்று கதைத்தார்கள். அது எனக்குப் பிடித்திருந்தது, தம்பி. வெட்கமில்லாமல் எழுதுகிறேன், பிடித்திருந்தது. துக்கத்துக்குப் புகழ் வந்தால் எழும்பி ஓடிவிடு. அது கள்ளைவிட மோசம்.

அந்தப் புகழுக்கு விலை கொடுத்தது நீ. அண்ணா தன் முதல் சம்பளத்தில் உனக்கு வாங்கித் தந்த கீபோர்டை என் பழைய சேலையில் சுற்றி அலுமாரியில் வைத்துப் பூட்டினேன். ரேடியோவைப் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்தேன். உனக்குப் பதினாலு வயது. யாரோ கூட்டாளி தந்த சின்ன ரேடியோ ஒன்றைத் தலையணைக்குக் கீழே ஒளித்து வைத்திருந்தாய், எனக்குத் தெரியாது என்று நினைத்துக்கொண்டு. நான் கடையிலிருந்து வரும்போது என் இருமல் படலையடியில் கேட்கும், உள்ளே டக்கென்று சத்தம் நிற்கும். என் இருமல்தான் உனக்கு மணி. பிறகு ஒருநாள் பின்னேரம் நீ மேசையில் குனிந்திருக்கக் கண்டேன். மாப்பெட்டி மட்டையில் கறுப்பும் வெள்ளையுமாகக் கட்டை கீறி வைத்து, அதில் விரலை ஓடவிட்டுக்கொண்டிருந்தாய். சத்தமே இல்லை. உன் கால் மட்டும் நிலத்தில் தாளம் போட்டது. வேறொருத்தி என்றால் அந்த இடத்திலேயே உடைந்து அழுதிருப்பாள். நான் அந்த மட்டையை நாலாகக் கிழித்து அடுப்புக்குள் போட்டேன். மா வறுபடுகிற மணம் வந்தது, நான் சட்டியைக் கிண்டப் போய்விட்டேன்.

மண்டபத்துக் கதையை நீ மறந்திருக்கமாட்டாய், ஆனாலும் என் பக்கத்திலிருந்து ஒருதரம் கேள். உனக்கு இருபது வயது. எனக்குத் தெரியாமல் ஒரு கோஷ்டியோடு சேர்ந்து கலியாண வீடுகளில் வாசிக்கத் தொடங்கியிருந்தாய். யாரோ வந்து சொன்னார்கள், நான் உடுத்த சேலையோடு ஆட்டோ பிடித்துத் துறைமுகத்தடி மண்டபத்துக்கு வந்தேன். அழைக்காத கலியாணம், அதுவும் இந்தக் கோலத்தில். நடுவால் நடந்து வந்து மேடைக்கு முன்னால் நின்றபோது இருமல் வந்தது. நான் ஒரு சொல் சொல்லுமுன், தம்பி, அந்த இருமலுக்கே உன் இரண்டு கையும் கட்டையிலிருந்து எழும்பிவிட்டன. ஆறு வருஷப் பழக்கம். உன்னைப் பார்த்து மேளக்காரப் பெடியன் நிறுத்தினான், பிறகு மற்றவர்கள் நிறுத்தினார்கள், மண்டபம் முழுக்க அமைதி. அந்த அமைதிக்குள்தான் நான் அதைச் சொன்னேன்: "அண்ணனைத் திண்ட பெட்டி உனக்கு இன்னும் காணாதோ?" நீ மேடையிலிருந்து இறங்கிப் போனாய். அந்தக் கிழமையே கொழும்புக்குப் போனாய். பத்து வருஷமாக என் படலைக்குள் நீ கால் வைக்கவில்லை.

இனி விறாந்தைக்கு வருகிறேன். பாட்டு வேண்டாம் என்றதும் அந்தப் பிள்ளை தன் தொலைபேசியில் டக், டக் என்று அடிக்கிற ஒன்றைப் போட்டுத் தந்தாள். மணிக்கூட்டுக்குப் பின்னால் நடக்கிற மாதிரி அதற்குப் பின்னால் நடந்தேன். மூன்று நிமிடம், கூடினால் நாலு. மனசு முழுக்க மூச்சிலேயே நின்றது. இரண்டு மாதம் இப்படிப் போனது. ஒரு வெள்ளிக்கிழமை டக் டக் வரவில்லை, ஏதோ வாத்தியம் வந்தது. பாடுகிற ஆள் இல்லை, கீபோர்டும் ஒரு மேளமும் மட்டும். பாட்டுத்தானே வேண்டாம் என்றேன், இது வெறும் சத்தம் என்று எனக்கு நானே நியாயம் சொல்லிக்கொண்டு நடந்தேன். முதல் கதிரை போனது, திரும்பி மற்றக் கதிரை போனது. மா அரிக்கும்போது அண்ணா அரிதட்டில் விரலால் தட்டிக்கொண்டிருப்பானே, நீ அதற்கு வாயால் ஏதோ போடுவாய், நான் ஏசிக்கொண்டே அந்தத் தாளத்துக்குத்தான் அரிப்பேன். அது நினைவுக்கு வந்தது. கவ்வியைப் பார்க்க மறந்துபோனேன். சத்தம் நின்றபோது அந்தப் பிள்ளை கையைத் தட்டினாள். "ஒன்பது நிமிஷம் கதிரையில இருக்காம நடந்திருக்கிறீங்கம்மா." வின்ச் ஐயாவும் கையைத் தட்டினார். யார் வாசித்தது என்று கேட்டேன். அவள் உன் சின்னம்மாவைப் பார்த்தாள், சின்னம்மா நிலத்தைப் பார்த்தாள். "அவன்தான் அக்கா" என்றாள்.

தொலைபேசியைப் பறித்துப் பார்த்தேன். உன் முகம் தெரியவில்லை, கையிரண்டும்தான். இடது கைப் பெருவிரலைத் தூக்கித் தூக்கி வைக்கிற அந்த வாசிப்பை நான் முன்பே கண்டிருக்கிறேன், மட்டையில். அதே பாட்டுத்தானா என்று சத்தியம் பண்ண ஏலாது. ஆனால் அன்றைக்குக் கண்ணால் கண்டதை இன்றைக்குக் காதால் கேட்டேன் என்று எனக்குப் பட்டது. சந்தோஷப்பட்டேன் என்று எழுதினால் உனக்கு இனிக்கும். இல்லை. கவ்வியைக் கழற்றி எறிந்தேன். செத்த வீட்டுக்காரியை எல்லாரும் சேர்ந்து ஆட வைத்துவிட்டீர்கள் என்று கத்தினேன். கத்த மூச்சில்லை, பாதிதான் வந்தது. அதற்குப் பிறகு மூன்று கிழமை போகவில்லை. நாலாவது கிழமை நெஞ்சில் சளி கட்டி வார்டில் கிடந்தேன். அந்தப் பிள்ளை கட்டிலடிக்கு வந்து, "என்னை எவ்வளவு வேணுமெண்டாலும் ஏசுங்க. ஆனா நடக்காம விட்டா கால் செத்துப்போகும், அதுக்குப் பொறகு ஒரு பாட்டும் உதவாது" என்று சொல்லிவிட்டுத் தன் பாட்டில் அடுத்த கட்டிலுக்குப் போனாள். ஐந்து நாள் அந்தக் கட்டிலில் கிடந்து யோசித்தேன். எந்தப் பெட்டி என் மூத்த பிள்ளையைத் தின்றது என்று ஊருக்கு முன்னால் சொன்னேனோ, அந்தப் பெட்டியின் சத்தத்தில்தான் நான் ஒன்பது நிமிடம் நடந்தேன். நான் ஆத்திரப்பட்டது உன் சின்னம்மாவோடு இல்லை, அந்தப் பிள்ளையோடும் இல்லை. எனக்கு மட்டும் தெரிந்த ஒரு காரியம் இருந்தது. அதுதான் நெஞ்சில் நின்று குத்தியது.

அதைத்தான் இப்போது எழுதப்போகிறேன். நீ இருந்து வாசி.

அண்ணா உன் கீபோர்டுக்கு வயர் வாங்கப் போய்ச் சாகவில்லை. பதினாறு வருஷமாக ஊர் அப்படித்தான் சொல்கிறது, நீயும் அப்படித்தான் நம்புகிறாய். உன் கீபோர்டின் அடாப்டர் எரிந்துபோயிருந்தது உண்மை. அன்றைக்குப் பின்னேரம் கடைகளுக்கு இடியப்பம் கொடுக்க மோட்டார் சைக்கிளில் போனவன், திரும்பி வரும்போது புது அடாப்டரையும் வாங்கிக்கொண்டு வந்துவிட்டான். வந்து என் கையில் தந்தான். நீ டியூஷனுக்குப் போயிருந்தாய். "வந்தவுடன குடுக்காதேங்கோ அம்மா, படிச்சு முடியக் குடுங்கோ" என்றான். நான் அலுமாரியில் வைத்தேன். அவன் முகம் கழுவிவிட்டுத் தேத்தண்ணிக்கு இருந்தான். அப்போதுதான் கடையிலிருந்து அழைப்பு வந்தது, ஒரு தட்டு குறைகிறது என்று. எண்ணிக் கட்டினது நான். நான்தான் பிழையாக எண்ணினேன். அடுக்களையில் அந்தத் தட்டு ஈரத் துணியால் மூடியபடி அப்படியே இருந்தது. பிழை என்னுடையது என்று தெரிந்ததும் எனக்குக் கோபம் இன்னும் கூடிவிட்டது, என் குணம் உனக்குத் தெரியும்தானே. தேத்தண்ணியைக் குடிக்கவிடவில்லை. "ஓடு, கடை வாடிக்கை போச்சுதெண்டால் நீயோ சோறு போடுவாய்" என்று துரத்தினேன். அவன் சிரித்துக்கொண்டுதான் போனான். கண்டி வீதியில் மணல் லொறி. அவ்வளவுதான்.

செத்த வீட்டில் ஒரு கிழவர், இந்த நேரத்தில் பிள்ளை எங்கே போனது என்று கேட்டார். நான்தான் அனுப்பினேன் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். வந்தது வேறு சொல்: "தம்பியின்ர பெட்டிக்கு வயர் வாங்கப் போன பிள்ளை." நீ தூணடியில் நின்றாய். உன் முகம் மாறியதை நான் கண்டேன். கண்டும் திருத்தவில்லை. அன்றே திருத்தியிருக்கலாம், முப்பத்தொன்றில் திருத்தியிருக்கலாம், பதினாறு வருஷத்தில் எந்த நாளும் திருத்தியிருக்கலாம். முழுப் பூசணிக்காயைச் சோற்றுக்குள் மறைக்க ஏலாது என்பார்கள். ஏலும், தம்பி. பக்கத்தில் சின்னப் பிள்ளை ஒன்று இருந்து அந்தச் சோற்றைச் சாப்பிட்டால் ஏலும். சொன்ன பொய் நிற்க வேண்டுமென்றால் நான் அந்தப் பெட்டியை வெறுக்கத்தான் வேண்டும். பெட்டியை வெறுத்தால் பாட்டையும் வெறுக்க வேண்டும். கடைசியில் பாட்டோடு சேர்த்து உன்னையும் வெளியே தள்ளினேன். சனம் அதைத் துக்கம் என்றது. அது துக்கம் இல்லை, ஒளிப்பு. ஊருக்கு முன்னால் சொன்ன பொய்யை ஊருக்கு முன்னால்தான் திருப்பி எடுக்க வேண்டும், அதனால்தான் இதை யாரும் வாசிக்கட்டும் என்றேன்.

உன்னிலும் எனக்குக் கோபம் உண்டு, அதையும் எழுதிவிடுகிறேன். பொலிஸ்காரர் அண்ணாவின் பேர்ஸையும் செருப்பையும் கொண்டுவந்து தந்தபோது நீ பக்கத்தில்தான் நின்றாய். வயர் எங்கே என்று ஏன் கேட்கவில்லை? ஒருநாளாவது என்னோடு சண்டை பிடித்திருந்தால், அந்த அலுமாரியை உடைத்திருந்தால், எல்லாம் வெளியே விழுந்திருக்கும். நீ நல்ல பிள்ளையாக இருந்தாய். நல்ல பிள்ளையாக இருந்தே என்னைக் கெடுத்தாய். பிறகு பத்து வருஷம் மருந்து அனுப்பினாய், ஒரு வசவுகூட அனுப்பவில்லை. உன் மனுசியோடு இப்படி இருக்காதே. கேட்க வேண்டியதை அன்றைக்கே கேள், சத்தமாகக் கேள். உங்களுக்குப் பிள்ளைகள் பிறந்தால், செத்தவர்களின் பேரைச் சொல்லி உயிரோடிருக்கிற பிள்ளையை அடக்காதே. அவ்வளவுதான் என் புத்திமதி. நான் செய்ததை நீ செய்யாமல் விட்டாலே போதும்.

மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்டால் நீ தந்துவிடுவாய், உன் குணம் அது. பிறகு நான் இன்னொருதரம் நல்ல தாய் என்று பேரெடுத்துவிடுவேன். அது வேண்டாம். அடாப்டரைக் கொண்டுவந்து தருகிறேன், கடைக்காரன் போட்டுக்கொடுத்த பையிலேயே இருக்கிறது, பிரிக்கவில்லை. கீபோர்டையும் சின்னம்மா ஆட்டோவில் ஏற்றி வருவாள். இனி வேலை செய்யுமோ தெரியாது. எறிவதென்றால் நீ எறி.

ஓம், வருகிறேன். பெண் வீட்டார் எடுத்திருக்கிறது அதே துறைமுகத்தடி மண்டபம் என்று சின்னம்மா மென்று விழுங்கிச் சொன்னாள். நல்லது. அவள் சொன்ன அடுத்த புதன்கிழமையே அவளோடு போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். வாசலில் பதினொரு படி. உள்ளே வாசலிலிருந்து மணவறைவரை எங்கள் விறாந்தையைப் போல இரண்டரை மடங்கு. பாட்டில்லாமல் நடந்து பார்த்தேன், நடுவில் இரண்டுதரம் கதிரை தேவைப்பட்டது. ஆஸ்பத்திரிப் பிள்ளையிடம் சொன்னேன். இப்போது செவ்வாயும் வெள்ளியும் உன் வாசிப்பைப் போட்டுத்தான் நடக்கிறேன். நான் கேட்டுத்தான் போடுகிறாள். பதின்மூன்று நிமிடத்துக்கு வந்துவிட்டேன்.

நான் கேட்பேன் என்று சொன்ன ஒரு காரியம் இதுதான். அன்றைக்கு நீ மாப்பிள்ளை, உன் கை கட்டையில் இருக்காது. உன் கூட்டாளிகளிடம் முன்கூட்டியே சொல்லி வை. நான் வாசல்படி ஏறும்போது அந்த வாசிப்பைத் தொடங்கச் சொல். நடுவழியில் எனக்கு இருமல் வரும், நிச்சயமாக வரும், மண்டபம் முழுக்கத் திரும்பிப் பார்க்கும், உனக்குப் பழைய பழக்கத்தில் கை எழும்பும். நிறுத்தச் சொல்லாதே, தம்பி. நிறுத்தினால் அந்த இடத்திலேயே நின்றுவிடுவேன், உன்னடிக்கு வந்து சேரமாட்டேன்.

அம்மா